ஒரு காலின் எடை

பஸ் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் வண்டி இருக்கைகளுக்கு உறை தைத்துக் கொடுத்தவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரெக்சின் என்றால்தான் தெரியும். இளசுகளுக்கு ரெக்சின் அண்ணன்.

கடை ஒரு ஷட்டர் அகலம். வாசலில் தோல் மாதிரியான ரெக்சின் துணி சுருள் சுருளாகச் சாய்ந்து நிற்கும். உள்ளே கிழித்துப் போட்ட பழைய உறைகளும் ஸ்பாஞ்சுத் துண்டுகளும் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருக்கும். நடுவில் தையல் மெஷின் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தால், வருகிறவர்களுக்கு அகலமான மார்பும் கயிறு முறுக்கிய மாதிரியான கைகளும்தான் கண்ணில் படும். எழுந்து நின்ற பிறகுதான் இடது கால் பாதித் தொடையோடு நின்றுவிட்டது தெரியும். உடனே அந்த முகங்களில் ஒரு மாற்றம் வருமே, அது அவருக்கு ஆகவே ஆகாது. அதுவரை "ஏன் இன்னும் முடிக்கலை?" என்று குதித்துக்கொண்டிருந்த லாரிக்காரர் சட்டென்று குரலைத் தாழ்த்தி, "மெதுவாப் பண்ணுங்க, ஒண்ணும் அவசரமில்லை" என்பார்.

"இவ்வளவு நேரம் அவசரம்னுதானே கத்துனீங்க? இப்போ எங்க போச்சு உங்க அவசரம்?" என்று இவர் எகிறுவார்.

கால் போனது பத்தொன்பதாவது வயதில். அப்போது ஒரு பஸ் ஷெட்டில் சம்பளத்துக்கு இருந்தார். சீட்டைக் கழற்ற வேண்டுமென்றால் மேலே ஒருவர் போல்ட்டைத் திருக வேண்டும், பஸ்ஸுக்கு அடியில் ஒருவர் படுத்துக்கொண்டு நட்டைப் பிடிக்க வேண்டும். அன்று அடியில் படுத்தது இவர். பஸ்ஸைத் தூக்கி நிறுத்தும் ஜாக்கி வழுக்கும் என்பது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியும். "இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுங்கடா, பாத்துக்கலாம்" என்று சொன்னவரே அவர்தான். ஜாக்கி வழுக்கியது. முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒரு பை ஆப்பிளோடு வந்து, கட்டில் ஓரம் நின்று, "கை ரெண்டும் நல்லா இருக்கேப்பா, அதுவே பெரிய விஷயம். தைக்கிற தொழிலுக்குக் கால் எதுக்கு?" என்று ஆறுதல் சொன்னார். தையல் மெஷினைக் கையாலா மிதிப்பார்கள்? இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வாக்கியத்தை நினைத்தால் ரெக்சினுக்குக் காது மடல் சிவந்துவிடும்.

செயற்கைக் கால் ஒன்று கொடுத்தார்கள். அது தொடையின் முனையைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கியது. அதை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, இரண்டு ஊன்றுகோல்களோடு நடந்து பழகிக்கொண்டார். கல்யாணம் செய்துகொண்டார். மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவர். வாயைத் திறந்தால் நறுக்கென்று இரண்டு வார்த்தைதான் வரும், இரண்டும் தைக்கும். ஒரு மகள். வாழ்க்கை ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

நாற்பதை நெருங்கும்போது தோள் மக்கர் செய்ய ஆரம்பித்தது. உடம்பின் மொத்த பாரத்தையும் நாள் முழுக்கச் சுமக்கிற தோள்; எத்தனை நாளைக்குத்தான் பொறுக்கும்? கை தூக்கினால் உள்ளே ஏதோ உரசியது. வலியில் தூக்கம் கெட்டது. டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ரெக்சினின் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, மனைவி பக்கம் திரும்பி, "இவருக்கு சுகர் இருக்கா?" என்று கேட்டார்.

"அவரையே கேளுங்க டாக்டர். வாய் நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார் மனைவி.

டாக்டர் அசடு வழிந்துகொண்டே விஷயத்துக்கு வந்தார். தோளைச் சுற்றியிருக்கும் தசைகள் பலப்பட வேண்டும். இல்லையென்றால் இன்னும் சில வருஷத்தில் சக்கர நாற்காலிதான். முதலில் லேசான பயிற்சி, வலி அடங்கினதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றலாம், என்றார்.

இரண்டு தெரு தள்ளி, பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் ஒரு ஜிம் இருந்தது. மாடிப்படி ஒரு ஆள் அகலம். ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம். ரெக்சின் ஊன்றுகோல்களை ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிக் கம்பியை இழுத்து இழுத்து மேலே ஏறினார். மேலே நின்ற மாஸ்டர், இவர் ஏறி வருவதை முதல் படியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசிப் படிக்கு வந்ததும் சொன்னார்:

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இதெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது. விழுந்துகிழுந்து வெச்சீங்கன்னா யாரு பதில் சொல்றது?"

"இத்தனை படி ஏறி வந்தேனே, விழுந்தனா?"

"அதுக்கில்லைண்ணே..."

"சரிப்படாதுன்னா கீழேயே வந்து சொல்லியிருக்கலாமே. உங்களுக்குத்தான் ரெண்டு கால் இருக்கே, இறங்கி வர."

மாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். அவருடைய பிரச்சினை, எதையும் தன் ஜிம்முக்கு என்ன ஆகும் என்ற கண்ணோடு மட்டும் பார்ப்பது. அன்று ஒதுங்கி நின்று உள்ளே விட்டார்.

ரெக்சின் எல்லாக் கருவிகளையும் சுற்றிப் பார்த்தார். பாதிக்கு மேல் கால் ஊன்றிச் செய்கிறவை. ஒரு மூலையில் இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே இரண்டு கம்பிகள் ஒன்றுக்கொன்று இணையாக நின்றன. ஒரு கல்லூரிப் பையன் இரண்டு கம்பிக்கும் நடுவில் கைகளை ஊன்றித் தொங்கி, முழங்கையை மடக்கிக் கீழே இறங்கி, மறுபடி கையை நிமிர்த்தி மேலே வந்துகொண்டிருந்தான்.

"இதுக்குப் பேரு என்ன?"

"டிப்ஸுண்ணே. மார்பு, தோள், கையோட பின்பக்கம், மூணுக்கும் வேலை. கஷ்டமான ஐட்டம்."

ரெக்சினுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு பக்கமும் கை ஊன்றி உடம்பைத் தூக்குவது கஷ்டமா? இருபது வருஷமாக அதைத்தானே அவர் தெருவில் செய்துகொண்டிருந்தார்! பையன் இறங்கியதும் கம்பியைப் பிடித்தார். நிமிர்ந்து நின்றார். கீழே இறங்கினார். இறங்கியவர் இறங்கியவர்தான். மேலே வர முடியவில்லை. வலது கால் ஒரு பக்கமாக இழுக்க, உடம்பு திருகிக்கொண்டு பாதி வழியில் தொங்கியது. மாஸ்டர் ஓடிவந்து இடுப்பைப் பிடித்தார்.

"விடுங்க!" என்று கத்தினார் ரெக்சின். விட்டதும் ஒற்றைக் காலில் தொப்பென்று இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அன்றைக்கு வந்த கோபம் மாஸ்டர்மேல் இல்லை, தன் தோள்மேல். இத்தனை வருஷம் இவரைச் சுமந்த தோள் இதைக்கூடச் செய்யாதா?

மறுநாளிலிருந்து தினமும் கடையை அடைத்ததும் மாடி ஏறினார். மாஸ்டர் தொழில் தெரிந்தவர். "முதல்ல மேலேயிருந்து மெதுவா இறங்க மட்டும் பழகுங்க. கம்பியிலேயே தொங்கிக்கிட்டுத் தோளைக் காதுப்பக்கம் போக விடாம கீழே அமுக்கிப் பிடிங்க. நெஞ்சைக் கொஞ்சம் முன்னால சாய்ங்க. முழங்கை ரெக்கை மாதிரி விரியக்கூடாது" என்று பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுத்தார். வலித்தால் அன்று அதோடு நிறுத்தம். பல வாரம் வெறும் இறக்கம்தான். அப்புறம் ஒன்று. அப்புறம் மூன்று. தோளில் உரசல் குறைந்து, ஒரு நாள் காலையில் சட்டையைப் போடும்போது வலியைத் தேடிப் பார்த்தார், காணோம்.

வெறும் உடம்பைத் தூக்குவது சுலபமானதும் பாரம் சேர்க்கச் சொன்னார் மாஸ்டர். இடுப்பில் பெல்ட் கட்டி, அதிலிருந்து சங்கிலியில் இரும்புப் பிளேட்டைத் தொங்கவிட வேண்டும். அங்கேதான் சிக்கல். ஜிம்மில் இருந்த பெல்ட்டில் சங்கிலி இரண்டு தொடைக்கும் நடுவில் தொங்கும். இவருக்கு முழுசாக இரண்டு தொடை எங்கே இருக்கிறது? பிளேட் இடது பக்கம் வழுக்கிப் போய் ஆளையே சுழற்றிவிட்டது. ரெக்சின் கடைக்குப் போய், ஒரு பழைய காரின் சீட் பெல்ட் நாடாவை நாலு மடிப்பாக மடித்து, உள்ளே ஸ்பாஞ்ச் வைத்து, தடித்த நூலில் தைத்தார். நடுவில் ஒரு வளையத்துக்குப் பதிலாகப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வளையம். இடது பக்கம் கொஞ்சம் அதிகப் பாரம், வலது பக்கம் கொஞ்சம் குறைவு. உடம்பு ஆணி அடித்தது போல நேராக நின்றது. முதல் தடவை இருபது கிலோவைக் கட்டிக்கொண்டு மேலே வந்தபோது அவர் போட்ட சத்தத்தில், கீழே பாத்திரக்கடைக்காரர் ஏதோ சரிந்துவிட்டது என்று மாடிக்கே ஓடிவந்தார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஜிம்மில் கிழிந்து கிடந்த பெஞ்சுகளுக்கெல்லாம் புது உறை தைத்துப் போட்டார். கருப்பு ரெக்சின், சிவப்பு ஓரம். கூலி வேண்டாம் என்றுவிட்டார்.

கொஞ்ச நாளில் ஜிம்முக்குப் புது ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வருகிறவர்கள் ரெக்சினைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கிட்டே வந்தார்கள். ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் பாத்துத்தாங்க நான் இன்னைக்கு எந்திரிச்சே வந்தேன்" என்றார். இன்னொருவர் கண் கலங்கினார். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் மகள்தான் போனைக் காட்டினாள்.

மாஸ்டர் இவருக்குத் தெரியாமல் எடுத்த வீடியோ. இவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்ப்பதை மெதுவாக ஓட்டியிருந்தார்கள். பின்னணியில் ஒரு புல்லாங்குழல் அழுதது. கம்பியில் ஏறி இறங்குகிறார்; இடுப்பில் எவ்வளவு பாரம் என்று ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் பெரிய எழுத்தில்: "கால் இல்லாதவரே செய்கிறார். உனக்கு என்ன கேடு?" அதற்குக் கீழே ஜிம்மின் முகவரி.

"எனக்கு என்னமோ சாவு வீடு மாதிரி இருக்கு" என்றார் மனைவி.

ரெக்சின் போனை மகளிடம் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் ஜிம்முக்குப் போகும்போது பையில் பெல்ட்டுக்குப் பதிலாக உறை கிழிக்கும் கத்தியும் ஆணி பிடுங்கும் கொறடும் இருந்தன.

"மாஸ்டர், அந்த வீடியோவை எடுங்க."

"அண்ணே, எத்தனை பேரு பாத்திருக்காங்க தெரியுமா? நல்லதுக்குத்தானே. நாலு பேருக்கு ஒரு ஊக்கம்..."

"நான் என்ன உங்க ஜிம்முக்கு வெளியில கட்டித் தொங்கவிட்ட பொம்மையா? என்னைப் பாத்து அவன் ஏன் எந்திரிக்கணும்? அவனுக்கு அலாரம் இல்லையா? நான் தோளு வலிக்கு வந்தேன். என்னோட பெஞ்சு உறை எங்க?"

"என்னது?"

"ரெக்சின் என்னோடது, தையல் என்னோடது. எடுத்துட்டுப் போறேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. முதல் பெஞ்சின் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, கொறடால் ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினார். உறை உரிந்து, மஞ்சள் ஸ்பாஞ்ச் பல்லிளித்தது. இரண்டாவது பெஞ்சுக்கு நகர்ந்தார். பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் பாரங்களைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாவது பெஞ்சில் கை வைக்கும்போது மாஸ்டர் போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "எடுத்துட்டேண்ணே! பாருங்க, எடுத்துட்டேன்! போதும்ணே!"

ரெக்சின் திரையை உற்றுப் பார்த்தார். அப்புறம் முதல் இரண்டு பெஞ்சுக்கும் உறையை இழுத்துப் பிடித்துத் திரும்ப அடித்துக் கொடுத்துவிட்டே வீட்டுக்குப் போனார். அரைகுறை வேலையை விட்டுவிட்டுப் போக அவர் கை ஒப்பவில்லை.

வீடியோ போனாலும் பேச்சு போகவில்லை. அந்த வருஷம் ஜிம்களின் சங்கம் ஒரு போட்டி நடத்தியது. எடை கட்டி டிப்ஸ் செய்வது. யார் அதிகப் பாரத்தோடு ஒரு முறை சுத்தமாக மேலே வருகிறாரோ அவர் ஜெயித்தவர். உடல் எடையை வைத்துப் பிரிவுகள். மாஸ்டரே பெயரைக் கொடுத்து, "வாங்கண்ணே, வீடியோ கிடியோ எதுவும் இல்லை, போட்டி மட்டும்தான்" என்று தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார். ரெக்சின் அறுபத்தைந்து கிலோவுக்குக் கீழே உள்ள பிரிவில் சேர்ந்தார்.

பள்ளிக்கூட அரங்கத்தில் போட்டி. மேடையில் கம்பிகள். நடுவர்கள் மூன்று பேர்; சரியாக இருந்தால் வெள்ளைக் கொடி, இல்லையென்றால் சிவப்பு. தோள் முழங்கைக்குக் கீழே இறங்க வேண்டும், கீழே ஒரு நொடி நிற்க வேண்டும், நடுவர் "மேலே" என்றதும் உதறாமல் எழ வேண்டும். ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு.

கடைசியில் இரண்டே பேர் மிஞ்சினார்கள். ஒருவர் ரெக்சின். இன்னொருவர் பால்வண்டி ஓட்டுகிறவர். கழுத்தும் தோளும் ஒன்றாகப் போன ஆள். பால்வண்டி ஐம்பத்தைந்து கிலோவோடு ஏறினார். ரெக்சின் அறுபதைக் கட்டச் சொன்னார். இறங்கினார். "மேலே" என்ற குரல் வருவதற்குள் ஒரு யுகம் போலிருந்தது. பல்லைக் கடித்து அழுத்தினார். பாதியில் ஒரு இடத்தில் உடம்பு நின்றது. நிற்கட்டும் என்று அழுத்திக்கொண்டே இருந்தார். கை நிமிர்ந்தது. மூன்று வெள்ளைக் கொடியும் எழுந்தன. அதற்கு மேல் கட்டிக்கொண்டு இறங்கிய பால்வண்டி கீழேயே சிக்கிக்கொண்டார். முடிந்தது. ரெக்சின் முதலிடம்.

முடிந்தது என்றுதான் மனைவியும் நினைத்து, கைதட்டிவிட்டுக் கைப்பையைத் தோளில் மாட்டினார். அப்போது பால்வண்டி மேடையில் நடுவர்களிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது கேட்டது.

"எடை பாத்துத்தானே பிரிவு பிரிச்சீங்க? எனக்கு ரெண்டு காலும் சேர்த்து அறுபத்தஞ்சு. அவருக்கு ஒரு காலு எடை மிச்சம்! அவரு எடையெல்லாம் மேலேதான் இருக்கு. அவரு தோளு எழுபத்தஞ்சு கிலோ ஆளோட தோளு. இது நியாயமா?"

அரங்கம் சலசலத்தது. யாரோ சிரித்தார்கள். ரெக்சினுக்குக் காதில் என்ன விழுந்தது என்றே முதலில் பிடிபடவில்லை. இத்தனை வருஷம் எந்த வாசலில் நின்றாலும், கால் இல்லையே, உன்னால் முடியாது என்றார்கள். இன்று ஜெயித்துவிட்டார். உடனே, கால் இல்லாததால்தான் முடிந்தது என்கிறார்கள்!

மனைவி நாற்காலி வரிசையிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். "அவ்வளவு லாபம்னா அவரும் போய் ஒண்ணை எடுத்துட்டு வரட்டுமே! யாரு வேண்டாம்னா?"

நடுவர்களும் சங்கத் தலைவரும் திரைக்குப் பின்னால் போய்க் குசுகுசுத்தார்கள். வெகுநேரம் கழித்துத் தலைவர் மைக்கைப் பிடித்தார். ஆட்சேபம் ஏற்கப்பட்டது. முதல் பரிசு பால்வண்டிக்கு. "ஆனால்," என்று குரலைக் குழைத்தார், "நம் எல்லோர் நெஞ்சையும் தொட்ட அந்த மாமனிதருக்கு, முதல் பரிசையும்விடப் பெரிய சிறப்புக் கேடயம்!"

கேடயம் நிஜமாகவே பெரியது. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். 'தன்னம்பிக்கைச் சிகரம்' என்று தங்க எழுத்தில் பொறித்திருந்தது. அடியில் இவருடைய பெயர். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மேடையோரம் வந்துவிட்ட மனைவி அந்த எழுத்தை ஒரு விரலால் தடவிப் பார்த்தார்.

"என்னங்க, இது வெட்டின எழுத்து. ஆட்சேபம் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகலை. இது காலையிலேயே தயாரா வந்திருக்கு."

ரெக்சின் திரும்பி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தரையைப் பார்த்தார். ஜெயித்தாலும் தோற்றாலும் இவருக்கென்று ஒதுக்கிவைத்த மரக்கட்டை அது. இவர் கம்பியைப் பிடிப்பதற்கு முன்பே இவரைப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பால்வண்டியின் ஆட்சேபம் அவர்களுக்குக் கிடைத்த ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

ஊன்றுகோலை ஊன்றி மைக்குக்குப் போனார்.

"இதை நான் வாங்கமாட்டேன். நான் சிகரமும் இல்லை, மாமனிதரும் இல்லை. சீட் தைக்கிறவன். அறுபது கிலோ தூக்குனேன். மூணு கொடி தூக்குனீங்க. உங்க விதியில ரெண்டு கால் இருக்கணும்னு எங்க இருக்கு? இருந்தா முதல்லயே சொல்லி அனுப்பியிருக்கணும். என்னைக் கூப்பிட்டு, ஏத்திவிட்டு, ஜெயிச்சதும் இறக்கிவிட்டு, கையில ஒரு பொம்மையைக் குடுத்து அழச் சொல்றீங்களா?"

கைதட்டல் நின்றுவிட்டது. தலைவர் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

ரெக்சின் மூச்சை இழுத்துக்கொண்டார். அவருக்குள்ளே ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. பால்வண்டி சொன்னது முழுப் பொய் இல்லை. கால் இருந்திருந்தால் அவர் எடை எழுபதைத் தாண்டியிருக்கும். அது அவருக்கே தெரிந்தது; தெரிந்ததில் கோபம் இன்னும் ஏறியது.

"ஒரு காலு எடை மிச்சம்னு சொல்றாரில்ல? சரி. அந்தக் காலையும் சேர்த்தே கணக்குப் போடுங்க. எழுபத்தஞ்சு கிலோ பிரிவு இன்னும் நடக்கலை. என்னை அதுல போடுங்க. எல்லாரும் என்ன தூக்குறாங்களோ அதையே தூக்குறேன். தோத்தா வீட்டுக்குப் போறேன்."

"அதுக்கு விதியில..." என்று ஆரம்பித்தார் தலைவர்.

"விதியில இருக்கிறதையே நீங்க மதிக்கலை, இல்லாததுக்கு என்ன?" என்றார் மனைவி கீழேயிருந்து. அரங்கத்தின் பின்வரிசை இளைஞர்கள் விசில் அடித்தார்கள். தலைவருக்கு வேறு வழி இல்லை.

நடந்தது இதுதான். ரெக்சின் ஏற்கெனவே மூன்று வாய்ப்பையும் செலவழித்துவிட்ட உடம்போடு பெரிய உடம்புக்காரர்கள் நடுவில் நின்றார். முதல் வாய்ப்பில் ஆழம் போதவில்லை என்று சிவப்புக் கொடி. இரண்டாவதில் அதே அறுபது, சுத்தமாக. மூன்றாவதில் அறுபத்தைந்தைக் கட்டி இறங்கினார், மேலே வரவில்லை. தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருவர் எண்பத்தைந்து தூக்கி முதலிடம் பிடித்தார். ரெக்சின் நாலாவது. நாலாவதுக்கு எதுவும் கிடையாது.

ஆனால் கைதட்டல் மட்டும் தீயணைப்புக்காரருக்கு விழுந்ததைவிட இவருக்குத்தான் அதிகமாக விழுந்தது. அதைக் கேட்டதும் அவருக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. "நாலாவது வந்தவனுக்கு எதுக்குய்யா இவ்வளவு கைதட்டு?" என்று மேடையிலிருந்து இறங்கும்போதே கத்தினார். வீடு வரைக்கும் ஆட்டோவில் முனகிக்கொண்டே வந்தார். மனைவி வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "அறுபது தூக்குனீங்க. ரெண்டு தடவை. அது எனக்குத் தெரியும்" என்றார்.

மாஸ்டர் இரண்டு வாரம் ஜிம்மில் ரெக்சின் கண்ணில் படாமல் நழுவிக்கொண்டிருந்தார். அப்புறம் கடைக்கே வந்து, சுற்றி வளைக்காமல், கேடயத்தைப் பற்றித் தனக்கு முன்பே தெரியும் என்றும், பழைய வீடியோவைப் பார்த்துவிட்டு இவருக்கு ஒரு கேடயம் கொடுக்கலாமா என்று தலைவர் கேட்டதற்குத் தான் சரி என்றுவிட்டதாகவும் சொன்னார். ரெக்சின் திட்ட வேண்டியதைத் திட்டி முடித்தார். ஜிம்முக்குப் போவதை நிறுத்தவில்லை. தோள் தன்னுடையது, ஜிம் யாருடையதாக இருந்தால் என்ன?

இன்னும் சில நாள் கழித்துப் பால்வண்டியே வந்து நின்றது. ஓட்டுநர் சீட்டின் உறை கிழிந்து ஸ்பாஞ்ச் வெளியே வந்திருந்தது. ஊரில் வேறு கடை இருக்கிறது. அங்கே போகாமல் இங்கே வந்திருந்தார். இறங்கித் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, அன்னைக்கு... ரெண்டு வருஷமாத் தயாராயிட்டிருந்தேண்ணே. கையில வந்தது போயிடுச்சேன்னு வயித்தெரிச்சல்ல பேசிட்டேன். வீட்டுல எங்கம்மாவே எங்கிட்ட பேசலை. பெரிய மனசு பண்ணி மன்னிச்சிடுங்க."

"பெரிய மனசும் இல்லை, சின்ன மனசும் இல்லை. உக்காருங்க." ரெக்சின் சீட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பழைய உறையை உரித்துக்கொண்டே சொன்னார்: "உங்கமேல எனக்குக் கோபம் இருந்துச்சு. இன்னும் இருக்கு. ஆனா அது தலைவர் மேல இருக்கிற அளவு இல்லை. நீங்க ஒருத்தருதான்யா அந்த மேடையில என்னைப் பாத்துப் பயந்தது."

பால்வண்டி உரித்துப் போட்ட உறையை மடித்து ஓரமாக வைத்தார். "இறங்கும்போது உங்களுக்கு இடது தோளு கொஞ்சம் முன்னால போகுதுண்ணே. அதைப் பாத்துக்குங்க" என்றார்.

"தெரியும். உங்க முழங்கை வெளியில விரியுது. அதனாலதான் கீழே சிக்குனீங்க."

சீட் தைத்து முடிகிற வரைக்கும் இருவரும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ரெக்சின் அவருக்கு இரண்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு ரெக்சின் அழைக்காமலே போனார். அதற்கடுத்த கூட்டத்துக்கும் போனார். விதி என்ன என்று சொல்லுங்கள், எழுதி ஒட்டுங்கள், அதற்கப்புறம் என்னை எங்கே வேண்டுமானாலும் நிறுத்துங்கள், இதுதான் அவர் கேட்டது. அவர் வந்தாலே தலைவருக்கு வேறு வேலை வந்துவிடும். வாசலில் உட்கார்ந்து காத்திருந்தார். பால்வண்டியும் ஒரு கூட்டத்துக்குக் கூடவே வந்து, "என்னால ஆரம்பிச்சது, நானே கேக்கிறேன். எனக்கு நியாயமாத் தோத்தாலும் பரவாயில்லை, இப்படி ஜெயிச்சது கேவலமா இருக்கு" என்று சொன்னார். கடைசியில் விதி வந்தது. கையோ காலோ குறைந்தவருக்கு அதன் எடையைத் தோராயமாகக் கூட்டி, அந்த எடைக்குரிய பிரிவில் எல்லோரோடும் சேர்ந்து போட்டியிடலாம். தனிப் பரிசு கிடையாது. தோராயம் என்ற வார்த்தை ரெக்சினுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த விதி. பறிபோன அந்த முதல் பரிசை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அதையும் கேட்கத்தான் செய்தார்.

மறு வருஷம் எழுபத்தைந்து கிலோ பிரிவில் நின்றார். தீயணைப்புக்காரருக்கும் இவருக்கும் இடையில் போட்டி கடைசி வாய்ப்பு வரை இழுத்தது. ரெக்சின் எண்பது தூக்கினார். தீயணைப்புக்காரர் எண்பத்திரண்டரை தூக்கினார். ரெக்சினுக்கு இரண்டாமிடம். அறிவிப்பாளர் மூன்று பெயர்களையும் மளமளவென்று ஒரே மூச்சில் படித்துவிட்டு அடுத்த பிரிவைக் கூப்பிட்டார். அவரவர் பரிசுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். யாரும் எழுந்து நிற்கவில்லை.

ரெக்சின் இறங்கவில்லை. நடுவர் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அவரு தோளு முழங்கைக்குக் கீழே போகவே இல்லை. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். எப்படிக் கொடி தூக்குனீங்க?"

"போச்சு சார். நாங்க பாத்தோம்."

"எங்க போச்சு? எந்தப் பக்கம் போச்சு? அவரையே கூப்பிட்டுக் கேளுங்க!"

"யோவ், வந்து கேளுய்யா, நல்லாவே இறங்குனேன்!" என்று தீயணைப்புக்காரர் அந்தப் பக்கமிருந்து கத்தினார். இவர் அவரைப் பார்த்துக் கத்தினார். நடுவர் இரண்டு பேரையும் பார்த்துக் கத்தினார். மனைவி மேடைக்கு ஏறி வந்து கிண்ணத்தைக் கையிலிருந்து பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, "போதும் வாங்க, தோத்தாச்சு" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தோத்ததைப் பத்தி இல்லைடி, ஆழத்தைப் பத்திப் பேசுறேன்" என்றார் ரெக்சின், மேசையை விடாமல்.